புளோரன்ஸ் நைற்றிங்கேல் (1820 – 1910): விளக்கேந்திய அம்மையாரின் கணக்கேடு

மாணவர்களே, புளோரன்ஸ் நைற்றிங்கேல் என்ற பெயரை ஆரம்ப வகுப்புகளிலேயே நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரவு நேரத்தில் கையில் விளக்கேந்தி, காயமுற்ற போர்வீரரைப் பார்வையிட்டுச் செல்லும் பெண்மணியாகவே அவர் உங்கள் மனதில் பதிந்திருப்பார். மே மாதம் 12 ஆம் திகதி சர்வதேச தாதியர் தினமாகக் கொண்டாடப்படுவதும் அவரது பிறந்த நாளை முன்னிட்டே ஆகும். ஆனால் அவர் போர்க்கால வைத்தியசாலைகளில் பணியாற்றியது இரண்டு வருடங்களுக்கும் குறைந்த காலமே. அவர் வாழ்ந்ததோ தொண்ணூறு ஆண்டுகள். விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவையும் கணக்கேட்டையும் கையிலெடுத்த பின்னர் அவர் செய்த வேலையே அதிக உயிர்களைக் காப்பாற்றியது எனக் கூறலாம். ஆய்வின் மூலம் திரட்டப்படும் சான்றுகள் ஓர் அரசின் கொள்கையை எவ்வாறு மாற்றுகின்றன, சில வேளைகளில் ஏன் மாற்றாமற் போகின்றன என்பதை விளங்கிக்கொள்வதற்கு அவரது வாழ்க்கை மிகப் பொருத்தமானது. அந்த நோக்குடனேயே இப்பகுதியை வாசியுங்கள்.

செல்வந்த ஆங்கிலேயக் குடும்பமொன்றின் இரண்டாவது மகளாக, பெற்றோர் இத்தாலியில் பயணம் செய்துகொண்டிருந்த வேளையில், 1820 ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. தந்தை வில்லியம் எட்வேட் நைற்றிங்கேல் தம் இரு புதல்வியருக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். அக்காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு இது அபூர்வமான வாய்ப்பு. ஆயினும் புளோரன்ஸ் விரும்பியது கணிதத்தை. திருமணமாகிச் செல்லவேண்டிய பெண்ணுக்குக் கணிதம் எதற்கு எனத் தாயார் தடுத்தார். வீட்டார் விழிக்குமுன் அதிகாலையில் எழுந்து, வைத்தியசாலைகள் பற்றியும் பொதுச் சுகாதாரம் பற்றியும் அரசு வெளியிட்ட அறிக்கைகளை அவர் வாசித்துக் குறிப்பெடுத்தார். மற்றைய யுவதிகள் நாவல் வாசித்த வயதில் இவர் வாசித்தது அட்டவணைகளை!

தாதியாக வேண்டும் என்ற விருப்பத்தைக் குடும்பம் பல வருடங்கள் எதிர்த்தது. தாதித் தொழில் அன்று மதிப்புக் குறைந்த வேலையாகவே கருதப்பட்டது. எதிர்ப்பைத் தாண்டி 1851 இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் என்னும் இடத்தில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853 இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய வைத்தியசாலையொன்றின் பொறுப்பாளரானார்.

இவ்வேளையில் கிரிமியப் போர் மூண்டது. 1854 இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்கின. கிரிமியாவில் காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பலில் ஏற்றப்பட்டுக் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்த பெரிய படைமுகாம் கட்டடமொன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. அதன் சீர்கேடு பற்றி இலண்டன் பத்திரிகையில் செய்திகள் வெளிவந்ததும் மக்கள் கொதித்தெழுந்தனர். போர் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர்களுள் ஒருவராகிய சிட்னி ஹேர்பேட், தமது நண்பியான நைற்றிங்கேலிடம் உதவி கோரினார். 38 தாதியருடன் அவர் 1854 நவம்பர் மாதம் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

அவர் அங்கே செய்த பணிகளை நீங்கள் அறிவீர்கள்: சமையலறை அமைத்தமை, துணி துவைக்க ஏற்பாடு செய்தமை, போர்வையும் சட்டையும் பெற்றுக்கொடுத்தமை, இரவில் நோயாளரைப் பார்வையிட்டமை. கதைப்புத்தகங்கள் இவ்விடத்தில் முடிந்துவிடுவதுண்டு. ஆனால் அவர் வந்த பின்னரும் இறப்புகள் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையில் அவை கூடின! 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தனர். கட்டடத்தின் கீழிருந்த கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. சுவர்களில் ஈரமும் அழுக்கும் படிந்திருந்தன. காற்றோட்டம் இல்லை. படுக்கைகள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. நல்ல உணவும் அன்பான கவனிப்பும் இருந்தும் நோயாளர் இறந்துகொண்டே இருந்தனர்.

1855 மார்ச்சில் பிரித்தானிய அரசு அனுப்பிய சுகாதார ஆணைக்குழு ஸ்கூட்டாரிக்கு வந்தது. வைத்தியர் ஜோன் சதர்லண்ட், பொறியியலாளர் றொபேட் றோலின்சன் முதலியோர் அதில் இருந்தனர். கால்வாய்கள் கழுவித் துப்புரவாக்கப்பட்டன, குடிநீர் வரும் வழி சுத்தமாக்கப்பட்டது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, சாளரங்கள் திறக்கப்பட்டன. ஜூன் மாதமளவில் இறப்பு நூற்றுக்கு 2 அளவிற்கு வீழ்ந்தது. குளிர்காலம் முடிந்தமையும் நோயாளர் நெரிசல் குறைந்தமையும் இதற்கு உதவியிருக்கும் என வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் மாற்றத்தின் பெரும்பகுதி துப்புரவினால் விளைந்தது என்பதே பின்னாளில் நைற்றிங்கேல் வந்தடைந்த முடிவு.

பின்னாளில் என்று கூறியது ஏன்? போர் நடந்துகொண்டிருந்தபோது அவர் அவ்வாறு எண்ணவில்லை. போதிய உணவும் உடையும் இன்றி, முகாம்களில் களைத்துச் சோர்ந்து, காலந்தாழ்ந்து வைத்தியசாலைக்கு வந்தமையாலேயே வீரர்கள் இறந்தனர் என நம்பினார். எனவே வழங்கல் அதிகாரிகளின் கவனயீனமே முதற் குற்றவாளி என்பது அவரது கருத்து. 1856 ஓகஸ்ட் மாதம் நாடு திரும்பியபோதும் அவர் மனதில் இருந்தது அதுவே. அவர் பெயரோ நாடெங்கும் புகழ்பெற்றிருந்தது. அவரைக் கௌரவிக்கும் முகமாகத் திரட்டப்பட்ட நிதி 40,000 பவுணைத் தாண்டியது. அந்தப் புகழுடன் ஓய்ந்திருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

அவர் ஓயவில்லை. மறுமாதமே விக்டோரியா மகாராணியாரையும் அவரது கணவர் அல்பேட் இளவரசரையும் சந்தித்து, இராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய அரச ஆணைக்குழுவொன்று வேண்டும் எனக் கேட்டார். போர் அமைச்சர் பன்மியூர் பிரபு சம்மதித்துவிட்டு ஆறு மாதங்கள் இழுத்தடித்தார். தமது அனுபவங்களை நாட்டுமக்கள் அறியத் தாமே வெளியிடப்போவதாக நைற்றிங்கேல் எச்சரித்தமையும், 1857 மே மாதத்தில் ஆணைக்குழு அமைக்கப்பட்டமைக்கு ஒரு காரணம் எனலாம். பெண் என்பதால் அதில் அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை. சாட்சியத்தையும் எழுத்து மூலமே அளித்தார். ஆனால் தலைவர் சிட்னி ஹேர்பேட்டுக்குத் தேவையான தகவல்களையும் கேள்விகளையும் வீட்டிலிருந்தபடியே தயாரித்துக் கொடுத்தவர் அவரே.

இங்குதான் வில்லியம் ஃபார் என்பவர் வருகிறார். இவர் இங்கிலாந்தின் பிறப்பு, இறப்புப் பதிவுத் திணைக்களத்தில் பணியாற்றிய புள்ளிவிபரவியலாளர். இருவரும் போர்க்கால இறப்புப் பதிவேடுகளை எடுத்து ஆராயத் தொடங்கினர். முதலில் கண்டது குழப்பத்தையே. ஒரே வைத்தியசாலையில் நிகழ்ந்த இறப்புகளை வெவ்வேறு அலுவலர்கள் வெவ்வேறாகப் பதிந்திருந்தனர். ஒன்று மற்றொன்றுடன் பொருந்தவில்லை. அவற்றைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தி, வைத்தியசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது வெளிவந்த உண்மை அவரை உலுக்கியிருக்க வேண்டும். போர்முனைக்கு அருகில் வசதிகள் குறைந்திருந்த வைத்தியசாலைகளைவிட, அவர் பணியாற்றிய ஸ்கூட்டாரியிலேயே இறப்பு வீதம் அதிகமாக இருந்தது! அங்கு வந்தோர் பலரைக் கொன்றது காயமோ குளிரோ அன்று, அந்தக் கட்டடமே.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். நாடு முழுவதும் ஒருவரைத் தேவதை எனப் புகழ்கின்றது. அவர் கையிலுள்ள கணக்கோ அவரது வைத்தியசாலையே மிக மோசமானது எனச் சொல்கின்றது. கணக்கை மேசை இலாச்சிக்குள் பூட்டிவைக்க எவருக்கும் ஆசை வரும். அவரோ பழைய கருத்தைக் கைவிட்டு, ஸ்கூட்டாரியின் எண்களையே தமது வாதத்தின் மையமாக்கினார். 1858 இல் எழுதி முடித்த 800 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, கொள்கை வகுக்கும் நிலையில் இருந்த முக்கியமானவர்களுக்கு அனுப்பினார்.

அந்த எண்களுட் சிலவற்றைப் பாருங்கள். 1855 ஜனவரியில் கிழக்கிலிருந்த பிரித்தானியப் படையின் பலம் 32,393. அம்மாதத்தில் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தோர் 2,761 பேர். காயங்களால் இறந்தோர் வெறும் 83 பேர். ஏனைய காரணங்களால் 324 பேர். அதாவது எதிரியின் துப்பாக்கி 100 இறப்புகளில் மூன்றுக்குக்கூடக் காரணமாகவில்லை. அந்த வேகம் ஒரு வருடம் நீடித்திருந்தால் நோயினால் மட்டுமே படை முழுவதும் அழிந்திருக்கும். (2,761 ஐ 12 ஆற் பெருக்கி நீங்களே சரிபாருங்கள்.) சரியாக ஒரு வருடத்தின் பின், 1856 ஜனவரியில், படையின் பலம் 44,212. தொற்றுநோயால் இறந்தோர் 42 பேர் மாத்திரமே.

எண்கள் இவ்வளவு தெளிவாக இருந்தும் அமைச்சர்கள் அவற்றை வாசிப்பார்களா? அறிக்கையின் பின்னிணைப்பை அறிவியலாளரைத் தவிர வேறெவரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது நைற்றிங்கேலுக்கு நன்கு தெரியும். எனவே எண்களைப் படமாக்கினார். கணித பாடத்தில் நீங்கள் வரையும் வட்ட வரைபு நினைவிருக்கின்றதல்லவா? அதில் ஆரை மாறாது, கோணமே மாறும். அவரது வரைபில் கோணம் மாறாது. பன்னிரண்டு மாதங்களுக்கும் 30 பாகை கொண்ட பன்னிரண்டு ஆரைச்சிறைகள். இறப்பு வீதத்திற்கு ஏற்ப ஒவ்வொன்றினதும் ஆரை நீளும் அல்லது குறுகும். பரப்பளவே இறப்பைக் காட்டுவதால், இறப்பு நான்கு மடங்கானால் ஆரை இரு மடங்காகும். தடுக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, ஏனையவற்றிற்குக் கறுப்பு. 1854 ஏப்ரல் முதல் ஒரு வருடத்திற்கு ஒரு வரைபும் அடுத்த வருடத்திற்கு இன்னொன்றுமாக இரண்டை அருகருகே வைத்தார். முதலாவதில் நீலம் பூதாகரமாக விரிந்திருக்கும். இரண்டாவதோ சுருங்கிச் சிறுத்துப் போயிருக்கும். எழுத்து வாசனை குறைந்தவரும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இதைவிட வலிமையான வாதம் ஒன்று அவரிடம் இருந்தது என்பது என் கருத்து. போர் என்றால் இறப்பு இயல்பு என எதிரணியினர் தட்டிக்கழிக்கலாம் அல்லவா? ஆகவே சமாதான காலத்தில், இங்கிலாந்திலேயே, படைமுகாம்களில் வசித்த வீரரின் இறப்பு வீதத்தை எடுத்தார். சாதாரண குடிமக்களிடையே அது 1,000 பேருக்கு 11. வீரரிடையே படைப்பிரிவுக்கு ஏற்ப 17 முதல் 20 வரை. இராணுவத்தில் சேர்க்கப்படுவோர் வைத்திய பரிசோதனையில் தேறிய திடகாத்திரமான இளைஞர்கள். அவர்கள் மற்றையோரைவிடக் குறைவாக அல்லவா இறக்க வேண்டும்? நெரிசலும் காற்றோட்டமின்மையும் நிறைந்த முகாம்களே வேறுபாட்டுக்குக் காரணம் என அவர் வாதிட்டார். வருடந்தோறும் 1,100 வீரரைச் சமவெளியொன்றுக்குக் கொண்டுசென்று சுட்டுத் தள்ளுவதும் இந்நிலையைத் தொடரவிடுவதும் ஒன்றுதான் என்ற கருத்தில் அவர் எழுதியது அதிகாரிகளைச் சுட்டது. எதனை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதில் அவர் காட்டிய கவனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆணைக்குழுவின் அறிக்கை 1858 இல் வெளிவந்தது. முகாம்களின் காற்றோட்டத்தையும் வடிகாலையும் சீர்செய்தல், இராணுவப் புள்ளிவிபரப் பிரிவை அமைத்தல், இராணுவ வைத்தியக் கல்லூரியை ஆரம்பித்தல், வைத்தியசாலை விதிகளைத் திருத்தல் ஆகியவற்றுக்காக உபகுழுக்கள் நியமிக்கப்பட்டன. வைத்தியக் கல்லூரி 1860 இல் சத்தம் நகரில் தொடங்கிற்று. உள்நாட்டு முகாம்களில் இறப்பு வீதம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இலண்டன் புள்ளிவிபரக் கழகம் 1858 இல் அவரைத் தனது முதற் பெண் உறுப்பினராகத் தெரிவுசெய்தது. அவரது பெயரால் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு 1860 இல் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமானது.

எல்லாம் வெற்றியே எனக் கருதிவிடாதீர்கள். 1861 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள நோயாளரின் விபரத்தையும் வீடுகளின் தன்மையையும் சேர்த்துப் பதியவேண்டும் என ஃபாருடன் இணைந்து அவர் முயன்றார். மக்களின் வசிப்பிடத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பை நாடு முழுவதற்கும் கணக்கிடலாம் என்பது அவரது எண்ணம். அயர்லாந்தில் நோயாளர் பற்றிய விபரம் ஏற்கெனவே திரட்டப்பட்டிருந்தது. ஆயினும் பாராளுமன்றம் ஏற்கவில்லை. அதே வருடம் ஹேர்பேட்டும் காலமானார். கிரிமியாவில் பீடித்த காய்ச்சலின் பின்விளைவுகளால் நைற்றிங்கேலும் வருடக்கணக்கில் அறையை விட்டு வெளியேறாமல், கட்டிலில் இருந்தபடியே வேலை செய்தார்.

அவர் இந்தியாவுக்கு ஒருபோதும் சென்றதில்லை. ஆனால் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினரின் சுகாதாரம் பற்றி 1859 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்காக, அங்குள்ள படைநிலையங்கள் யாவற்றுக்கும் வினாக்கொத்துகளை அனுப்பி, வந்து குவிந்த விடைகளை ஆராய்ந்தார். அங்கு வருடத்திற்கு 1,000 வீரரில் 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். வெப்பமான காலநிலையே காரணம் எனப் பலர் கருதினர். அசுத்த நீரும் வடிகாலின்மையும் நெரிசலுமே காரணம் என்றார் அவர். சுற்றியுள்ள ஊரும் மக்களும் சுகாதாரமின்றி இருக்கையில் முகாமை மட்டும் காக்க முடியாது என்பதும் அவரது முடிவு. ஆணைக்குழுவின் அறிக்கை 1863 இல் வெளிவந்தது. மறுவருடம் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் நிறுவப்பட்டன. 1873 ஆம் ஆண்டளவில் வீரரின் இறப்பு வீதம் 1,000 க்கு 18 ஆகக் குறைந்திருந்தது. கிராம மக்களின் நிலையோ அவ்வளவு விரைவாக மாறவில்லை. அதன் பின்னர் பஞ்சம், நீர்ப்பாசனம், குடியானவரின் கடன் என அவரது எழுத்து விரிந்து சென்றது.

எண்கள் தமக்கு எதிராகச் சாட்சி சொன்ன அனுபவம் அவருக்கு மீண்டும் ஏற்பட்டது. 1860 களின் தொடக்கத்தில் அவரது நிதியுதவியுடன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் மருத்துவிச்சிகளைப் பயிற்றுவதற்காகப் பிரசவ விடுதியொன்று திறக்கப்பட்டது. அங்கு பிள்ளை பெற்ற தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். 1867 இல் விடுதி மூடப்பட்டது. சும்மா மூடிவிட்டு விலகாமல், பல நாடுகளின் பிரசவ இறப்புப் புள்ளிவிபரங்களைத் திரட்டி 1871 இல் நூலாக வெளியிட்டார். பிரசவ விடுதிகளைவிட வீட்டில் நிகழும் பிரசவமே அன்றைய நிலையில் தாய்க்குப் பாதுகாப்பானது என அவை காட்டின.

அவரிடமும் தவறு இருந்தது. துர்நாற்றமும் அசுத்தக் காற்றுமே நோயை உண்டாக்குகின்றன என நெடுங்காலம் நம்பியிருந்தார். கிருமிக் கொள்கையைத் தயக்கத்துடனும் தாமதமாகவுமே ஏற்றார். காரணம் பற்றிய விளக்கம் பிழையாக இருந்தும், கழிவை அகற்று, நீரைச் சுத்தமாக்கு, நெரிசலைக் குறை என்ற பரிந்துரைகள் பலித்தன. எங்கே, எப்போது, எத்தனை பேர் என அவர் சரியாக எண்ணியிருந்தமையே அதற்குக் காரணம்.

1891 இல், 71 வயதை அண்மித்த நிலையில், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் பயன்முறைப் புள்ளிவிபரவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்க முயன்றார். அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பல்கலைக்கழகங்களில் கற்றவர்களே, ஆயினும் தங்கள் மேசையில் குவியும் புள்ளிவிபரங்களைப் பயன்படுத்த அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பது அவரது மனக்குறை. அறிஞர் பிரான்சிஸ் கால்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஆராயவேண்டிய வினாக்கள் சிலவற்றையும் குறிப்பிட்டார். 1870 இன் கல்விச் சட்டத்தினால் பாடசாலை சென்ற பிள்ளைகளுள் எத்தனை பேர் கற்றதைப் பின்னர் மறந்துவிடுகின்றனர்? சிறைத்தண்டனை குற்றத்தைக் குறைக்கின்றதா, கூட்டுகின்றதா? ஏழைகள் விடுதியில் வளரும் பிள்ளைகள் வறுமையிலிருந்து மீள்கின்றனரா? இந்திய மக்கள் செல்வந்தராகின்றனரா, மேலும் வறியவராகின்றனரா? சட்டம் இயற்றிப் பணம் செலவிடும் அரசு, அதன் பலனை அளந்து பார்ப்பதில்லை என அவர் கவலைப்பட்டார். அந்தப் பேராசிரியர் பதவி அவர் காலத்தில் உருவாகவில்லை.

பிற்காலத்தில் அவரது கண்பார்வை மங்கியது. 1907 இல் மன்னர் வழங்கும் உயர் விருதான மெரிற் விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1910 ஓகஸ்ட் 13 ஆம் திகதி இலண்டனில் காலமானார். வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தபோதும் உறவினர் மறுத்துவிட்டனர். ஹம்சயர் பிரதேசத்தின் கிழக்கு வெலோ கிராமத்தில் குடும்பத்தாரின் கல்லறையிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவரைக் குறிக்க அக்கல்லில் உள்ளவை பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த திகதியும், இறந்த திகதியும் மட்டுமே.